ஆறாவது பெட்டி ராணி

குளிர்காலம் முடிந்த செப்டம்பர் கடைசியில், தென்கோளத்து ஊரான டிமாருவில், எங்கள் தேனீக் கொட்டகையில் வைத்து, என் தம்பி டூகலை ஓங்கி அறைந்தேன். உதடு கிழிந்துவிட்டது.

பம்பிள் என்னும் பருத்த தேனீ இனத்தின் ராணிகள் குளிர்காலம் முழுக்க எங்கள் பிரிட்ஜில் தூங்கும். எடுத்ததும் ஒரு வாரம் வலைக்கூடத்தில் பறக்க விட வேண்டும். பறந்து, மகரந்தம் தின்று, உடம்பு தேறினால்தான் முட்டை வைக்கும். நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நேரத்தில், அந்த அவசரக்குடுக்கை எடுத்த அன்றைக்கே அவற்றைப் பெட்டிகளில் அடைத்துவிட்டான்.

"நம்மகிட்ட தேனீ வாங்குற தக்காளித் தோட்டக்காரங்க நச்சரிச்சாங்க அக்கா. ஒரு வாரம் மிச்சம்னு நெனச்சேன்."

"மிச்சமா? மண்ணாங்கட்டி! பதினோரு வருஷமா நான் பொறுக்கி வளர்த்த வம்சம்டா!"

முப்பத்தாறு பெட்டிகளில் முப்பத்தைந்தில் ஒன்றுமில்லை. ஆறாவதில் மட்டும் ஐந்து வேலைக்காரத் தேனீக்கள் பொரிந்தன. அதோடு அந்த ராணியும் முட்டை வைப்பதை நிறுத்திவிட்டாள். அந்தக் கூடு பெருகாவிட்டால் வம்சமே முடிந்தது.

பிரிட்ஜின் அடித்தட்டில் மறந்துபோன ஒருத்தி மட்டும் மிச்சம் இருந்தாள். அவளை முறைப்படி பறக்க விட்டேன். கொழுத்தாள். பிறகு, வேலைக்காரிகள் பூவுக்குப் போகட்டும் என்று ஆறாவது பெட்டியை அதே கூடத்தில் வைத்துத் திறந்தேன். அவளைப் பிடித்து அடைக்காமல் திறந்தது என் மடத்தனம். நேரே உள்ளே பாய்ந்தாள்.

இரண்டு ராணிகளும் கட்டிப் புரண்டார்கள். பழையவளின் கால் ஒன்று முறிந்து விழுந்தது.

டூகல் இடுக்கியோடு ஓடிவந்தான். "பிரிச்சு விடுக்கா! கொல்றா!"

அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். "விடுடா. புதுசா வந்தவளுக்குத் தனியா கூடு கட்ட இனிமே நாளில்ல. இந்தக் கூடு இவளுக்குத்தான்."

"அஞ்சு புள்ள பெத்தவ அவ!"

"இனிமே பெக்கமாட்டா."

அவன் திமிறினான். இடுக்கி கீழே விழும்வரை கையை முறுக்கினேன். உள்ளே வந்தவள் வயிற்றை வளைத்து, மற்றவளின் கழுத்துச் சந்தில் கொடுக்கை இறக்கினாள். எதிர்த்துப் பாய்ந்த வேலைக்காரி ஒருத்தியையும் கடித்துக் கொன்றாள். மற்ற நான்கும் அடங்கிவிட்டன.  அதுவரை நான் டூகலின் கையை விடவில்லை.

நான்காம் நாள் புது முட்டைகள். கிறிஸ்துமஸுக்குள் கூட்டில் நூற்றெண்பது உருப்படி. பூரித்துப்போய் டூகலைக் கூப்பிட்டேன்.

வந்தவன் பெட்டியை எட்டிப் பார்க்கவில்லை. உதட்டுத் தழும்பைத் தடவிக்கொண்டே கேட்டான்: "அந்த ரெண்டு ராணியும் ஒரே தாய்க்குப் பொறந்ததுங்கதானே அக்கா?"

"ஆமாடா."

வண்டிச் சாவியை எடுத்தான். "இருடா, டீ போடுறேன்" என்றேன். அவன் நிற்கவில்லை.