சர்க்கரை விலை இறங்கிய அன்று

சண்டை நிற்கப் போகிறது என்று முகாமே துள்ளிக்கொண்டிருந்த வேளையில், ரஸ்மிய்யா மட்டும் தன் கூடாரத்து முளைகளைக் கல்லால் அடித்து இன்னும் ஆழமாக மணலில் இறக்கிக்கொண்டிருந்தாள்.

பக்கத்துக் கூடாரத்து நஜாத் மூச்சிரைக்க ஓடி வந்தாள். வஸீமின் அம்மா என்பதால் ரஸ்மிய்யா முகாமில் எல்லாருக்கும் 'உம் வஸீம்'. "உம் வஸீம், ரேடியோ கேட்டியா? கையெழுத்துப் போடப் போறாங்களாம். ரெண்டு மாசத்துக்குச் சண்டை கிடையாது!"

"போன தடவையும் இதே ரேடியோதான் சொல்லுச்சு. அன்னிக்கு ராத்திரியே ரொட்டி அடுப்பு மேல குண்டு விழுந்துது."

"உனக்கு எதுலதான்டி நம்பிக்கை?"

"ஏசி ரூம்ல உட்கார்ந்து காப்பி குடிக்கிறவங்க பேச்சுல இல்ல. இந்த எழவு அவங்க தலைக்கு மேலயா கத்துது?" ரஸ்மிய்யா வானத்தைக் காட்டினாள். ட்ரோன் வழக்கம்போல இரைந்துகொண்டிருந்தது.

அவளுடைய சந்தேகம் முகாமில் பிரசித்தம். தண்ணி லாரி வருகிறது என்றால், சக்கரத்தைப் பார்த்தால்தான் நம்புவேன் என்பாள். இஸ்ரேல்காரன் ஒத்துக்கொண்டான் என்றால் முகத்தைச் சுளிப்பாள். நம்மாட்கள் ஒத்துக்கொண்டார்கள் என்றால் இன்னும் கொஞ்சம் சுளிப்பாள். எல்லாரும் அவளைக் கேலி செய்வார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.

அது மூத்த மகன் வஸீம் விஷயம். வடக்கே, பெய்த் லாஹியாவில் அவர்கள் வீடு இடிந்தபோது அவனும் அவன் சித்தப்பா பிள்ளைகள் இரண்டு பேரும் உள்ளேதான் இருந்தார்கள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். தோண்டிப் பார்க்க நேரமில்லை. டாங்கி தெருவுக்குள் வந்துவிட்டது, குடும்பம் தெற்கே ஓடி வந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அப்படிப் பார்த்தவர்களையும் ரஸ்மிய்யா நம்பவில்லை.

"உடம்பைக் காட்டினீங்களா? இல்லல்ல? அவனைப் பிடிச்சிட்டுப் போயிருக்காங்க. ஏதோ ஒரு ஜெயில்ல இருக்கான் என் புள்ள" என்பாள்.

கணவர் ஸுப்ஹி அதை நம்பவில்லை. சண்டை நின்ற மறுநாளே போய்த் தோண்டி, மகனை எடுத்து, தொழுகை நடத்தி அடக்கம் செய்துவிட வேண்டும். அவருக்கு வேறு எந்த ஆசையும் இல்லை.

சண்டை நடக்கிறவரை தோண்ட முடியாது. தோண்டாதவரை வஸீம் ஜெயிலில் இருப்பான். போர்நிறுத்தம் பொய்யாகப் போனால்தான் அவள் பிள்ளைக்கு உயிர். இதை எந்தத் தாய் வாய்விட்டுச் சொல்வாள், அதுவும் ஊரான் பிள்ளைகள் தினமும் சாகிற இடத்தில்? பாவி, மனசுக்குள்ளேயே வேண்டிக்கொண்டாள்.

மத்தியானம் ஸுப்ஹி எங்கேயோ ஒரு மண்வெட்டி இரவல் வாங்கி வந்தார். அதைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எதுக்கு இது?"

"உனக்கே தெரியும், உம் வஸீம்."

"உம் வஸீம், உம் வஸீம்! செத்துப்போனவன் பேரைச் சொல்லியா தினமும் என்னைக் கூப்பிடுறீங்க?"

அவர் மண்வெட்டியைக் கூடாரத்து ஓரமாகச் சாய்த்து வைத்தார். இளையவன் நிதால்தான் தயங்கித் தயங்கிச் சொன்னான். "யம்மா, அபு ஷாதி சர்க்கரையை அடிமாட்டு விலைக்கு அள்ளி அள்ளிக் கொடுக்கிறான். போய்ப் பாரு."

அபு ஷாதி முகாமின் பெரிய பதுக்கல் பேர்வழி. எல்லையை மூடப் போகிறார்கள் என்றால் முதல் நாளே அவன் கடையில் மாவு மாயமாகிவிடும். திறக்கப் போகிறார்கள் என்றால் மூட்டைகள் வெளியே வந்து, விலை சரசரவென்று இறங்கும். அவன் கணக்கு ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

அவனோடு சண்டை போடத்தான் போனாள். கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போய், சர்க்கரை மூட்டைக்குள் முழங்கைவரை கையை விட்டாள்.

"மேல சர்க்கரை, கீழ மணலா?"

"அல்லா மேல சத்தியமா எல்லாம் சர்க்கரைதான், உம் வஸீம்."

அடியிலிருந்து எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். இனித்தது. கடைக்குப் பின்னாலிருந்த தார்ப்பாயை விலக்கிப் பார்த்தாள். ஒரு மூட்டைகூட இல்லை.

"மிச்சத்தை எங்கடா ஒளிச்சு வச்சிருக்கே?"

"மிச்சமே இல்ல. லோடு ஏத்தின லாரிங்க எல்லையில வரிசையா நிக்குது, என் மச்சானும் அதுல ஒண்ணு ஓட்டுறான். நாளைக்கு உள்ள வந்துட்டா இதை நாய்கூடச் சீந்தாது." பல்லைக் காட்டினான். "என்னைப் பத்தி உனக்குத் தெரியாதா? நான் பொறந்ததுலேர்ந்து நஷ்டத்துக்கு வித்துப் பார்த்திருக்கியா நீ?"

இல்லை. அவள் பார்த்ததில்லை. இந்தச் சண்டை முழுக்க அவள் நம்பியது இவன் பேராசை ஒன்றைத்தான். அதுவும் இப்போது கைவிட்டுவிட்டது.

ரஸ்மிய்யா மணலிலேயே உட்கார்ந்து, சர்க்கரை ஒட்டிய கையால் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"பாருங்கடி, இவளே நம்பிட்டா!" என்று நஜாத் குலவையிட்டாள். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ரேடியோவை நம்பாதவர்கள்கூட அவள் அழுகையைப் பார்த்து நம்பினார்கள். யாரோ அவளைக் கட்டிப்பிடித்து, "சந்தோஷத்துல அழு, நல்லா அழு" என்று முதுகைத் தடவினார்கள்.

அவள் கூடாரத்துக்குத் திரும்பியபோது செய்தி உறுதியாகிவிட்டிருந்தது. நாளைக் காலையிலிருந்து சண்டை இல்லை. ஸுப்ஹி மண்வெட்டிக்கு ஒரு பழைய சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டே, நிதாலிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"மூணு பேர் இருக்காங்கடா அங்க. ஒரு வருஷம் ஆச்சு. யாரு எவருன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

ரஸ்மிய்யா வாசலிலேயே நின்றாள்.

"சாம்பல் கலர் ஸ்வெட்டர்" என்றாள். "இடது முழங்கையில கிழிஞ்சிருந்துது. கறுப்பு நூல் கிடைக்கல, செவப்புலதான் தச்சேன். இதைப் போட்டுக்கிட்டு எப்படி யம்மா வெளியில போறதுன்னு சண்டை போட்டான்."

ஸுப்ஹி கட்டிக்கொண்டிருந்த கயிறு கையிலேயே நின்றது.

அவள் உள்ளே வந்து அவர் எதிரே உட்கார்ந்தாள். "மண்வெட்டியை ஓங்கிப் போட்டுடாதீங்க" என்றாள். "அவன் மேல பட்டுடும். கையாலயே எடுங்க."