பித்தளைப் படை

ஆட்டத்தை இன்றோடு நிறுத்திவிடலாம் என்று சொல்லிவிடுவதாக முடிவு செய்துகொண்டுதான் அன்று காலை நீராவி வேலைக்குக் கிளம்பினார்.

நீராவி என்பது அவருக்கு வேலை வைத்த பேர். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் துணி வெளுக்கும் கட்டடம். அதன் முதுகோடு ஒட்டினாற்போல் பாய்லர் அறை. படுக்கை விரிப்பும் டாக்டர்களின் அங்கியும் வேகவும் காயவும் ஆவி போக வேண்டும். காலை ஆறிலிருந்து இரண்டு மணிவரை அதற்கு அவர் பொறுப்பு. இரண்டிலிருந்து பத்துவரை ஆமை. ஆமையைவிட நீராவி ஏழு வயது மூத்தவர்.

ஆமைக்கு அந்தப் பேர் வந்ததே ஆட்டத்தால்தான். ஒரு காயை நகர்த்த எட்டு மணி நேரம் யோசிக்கிற ஆளை வேறு என்னவென்று கூப்பிடுவது?

சதுரங்கம்தான். ஆனால் கடையில் வாங்கியது இல்லை. பாய்லருக்கு வேண்டிய வாஷர், கயிறு எல்லாம் போட்டு வைக்கிற மரப்பெட்டியின் மூடியில் நீராவி கட்டம் போட்டிருந்தார். காய்கள் எல்லாம் கழித்துப்போட்ட சாமான்கள். சிப்பாய்க்கு நட்டு, குதிரைக்கு வளைந்த பைப் துண்டு, ராஜாவுக்கு வால்வின் தலை. ஒரு படை பித்தளை, அது நீராவியுடையது. இன்னொன்று இரும்பு, அது ஆமையுடையது. ஒரு ஷிப்டுக்கு ஒரு நகர்த்தல். தன் வேலை முடிந்து கிளம்புகிற நேரத்தில் ஒரு காயை நகர்த்திவிட்டுப் போக வேண்டும். ஷிப்டு மாறுகிற அந்தப் பத்து நிமிஷத்தில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு பேரும் வாயைத் திறக்கக் கூடாது. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் பார்க்க வேண்டும், ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் பேச்சு. நாலு வருஷமாக இந்தச் சட்டம் ஒரு நாளும் மீறப்படவில்லை.

முன்பெல்லாம் நீராவி பஸ்ஸில் போகும்போதும் மனசுக்குள் குதிரையை ஓட்டிக்கொண்டே போவார். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப்போய் நடந்து திரும்பியதும் உண்டு. சனிக்கிழமைதோறும் பழைய பனியன் துணியில் சாம்பலைத் தொட்டு, பித்தளைப் படையைப் பளபளவென்று துடைத்து வைப்பார். "கல்யாணத்துக்கா கூட்டிட்டுப் போறீங்க?" என்று துணிக்கட்டு தள்ளுகிற பெண்கள் கேலி செய்வார்கள்.

அதெல்லாம் நாலு மாசத்துக்கு முந்தின கதை. மாடிப்படியில் சறுக்கி மனைவிக்குத் தொடை எலும்பு முறிந்தது. அதே மாசம் மகள் வேலைக்குத் திரும்பினாள். அவளுடைய இரட்டைப் பிள்ளைகளை மூன்று மணிக்குக் காப்பகத்திலிருந்து கூட்டிவருவது தாத்தாவின் தலையில் விழுந்தது. இங்கே, பக்கத்துக் கட்டடத்துப் பம்ப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்றுப் போக, மேலதிகாரி சிரித்த முகத்தோடு, "சும்மா ஒரு பார்வை பாத்துக்கங்க" என்றார். அந்தப் பார்வைக்கு ஒரு நாளைக்கு ஒன்பது தடவை படி ஏற வேண்டும்.

மனுஷனுக்கு நாக்குத் தள்ளிப்போயிற்று. இரண்டு மணி அடிக்கப்போகும் நேரத்தில் பெட்டியைக் கடந்து போகும்போது கைக்கு எது கிடைத்ததோ அதை ஒரு கட்டம் தள்ளிவிட்டுப் போவார். எது எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுகூட இல்லை. ஆட்டம் என்றால் மனசு துள்ளியது போய், இன்னும் ஒரு வேலை என்றாகிவிட்டது. நேற்று இரவு சாப்பிடும்போது வீட்டுக்காரம்மா, "ஆட்டம் எப்படிங்க போகுது?" என்று கேட்டாள். "போகுது" என்றார். சொன்ன பிறகு அவருக்கே கூச்சமாக இருந்தது. நாலு வருஷம் விளையாடிய ஆளை இப்படி ஏமாற்றுவதைவிட, நேராகச் சொல்லி நிறுத்திவிடுவது மரியாதை என்று அப்போதுதான் முடிவு செய்தார்.

சொல்லும் வார்த்தையைப் பஸ்ஸில் நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தார். எதுவும் சரியாக அமையவில்லை. ஆமையின் குடும்பம் வெளியூரில். அவனுக்கு இந்த ஊரில் அந்த ஆட்டத்தை விட்டால் வேறு யாரோடு என்ன பேச்சு இருக்கிறது?

ஒன்றரை மணிக்குப் பம்ப் ஒழுங்காக ஓடியது. அபூர்வமாகக் கையில் அரைமணி நேரம் கிடைத்தது. கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தன் பக்கத்துப் படை உதை வாங்கிக் கிடந்தது, அது நியாயம்தான். எதிர்ப்பக்கத்துப் படை அழகாக, ஒன்றுக்கொன்று கை கொடுத்து நின்றது. ஆமை நன்றாக ஆடுகிறான் என்று எண்ணிக்கொண்டே, எதிர்ப்பக்கத்துக் குதிரையை எடுத்துக் கையில் உருட்டினார். கட்டைவிரல் பட்ட இடத்தில் கரி விலகி மஞ்சளாக மின்னியது.

பித்தளை.

தன் பக்கத்து நட்டு ஒன்றைத் துடைத்துப் பார்த்தார். இரும்பு.

குனிந்து மூடியின் விளிம்பைப் பார்த்தார். தன் பக்கம் இருக்க வேண்டிய தாழ்ப்பாள் சுவரைப் பார்த்து இருந்தது. வாஷர் எடுக்க வந்த ஃபிட்டர்தான் மூடியைக் காய்களோடு தாம்பாளம்போல் தூக்கிவைத்து, திரும்ப மூடும்போது மாற்றி வைத்திருக்க வேண்டும். அவன் வந்துபோய் மூன்று வாரம் இருக்கும். அழுக்கேறிக் கறுத்த பிறகு பித்தளை எது, இரும்பு எது? கிட்டத்தில் இருந்ததைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். அப்படியானால் மூன்று வாரமாக...

"என்ன அண்ணே, உக்காந்துட்டீங்க? உடம்புக்கு முடியலையா?"

ஆமை சாப்பாட்டுப் பையோடு வாசலில் நின்றான்.

"டேய், இங்க வா. இது யார் படை?"

"சட்டத்துல ஆட்டத்தைப் பத்திப் பேசக் கூடாதுன்னு இருக்கே அண்ணே."

"சட்டத்தைத் தூக்கி அடுப்புல போடு. சொல்லு."

ஆமை பையை ஆணியில் மாட்டினான். அதிலும் அவசரமில்லை. "மூடி திரும்பின அன்னைக்கு ராத்திரி கிளம்பறப்போ பாத்தேன். இரும்பு அடுத்தடுத்து ரெண்டு தடவை போயிருந்துச்சு. என் சிப்பாயை நீங்களே தள்ளி வச்சுட்டுப் போயிருந்தீங்க."

"கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா நீங்க நிறுத்திடுவீங்க."

நீராவி குதிரையைத் திரும்பக் கட்டத்தில் வைத்தார்.

"உங்க முகத்தைப் பாத்தா தெரியாதா? காலுல சக்கரம் கட்டிட்டு ஓடறீங்க. சரி, இந்த மனுஷனுக்குத் தன் படையைப் பாக்க இப்போ நேரமில்லை. அதுவரைக்கும் நாம பாத்துக்கலாம்னு பித்தளையை நான் ஆட ஆரம்பிச்சேன். ஒரு காயைக்கூடச் சும்மா பறிகொடுக்கலை. எண்ணிப் பாத்துக்கங்க."

"என் கையாலேயே உன் படையை நாசம் பண்ணி வச்சிருக்கேனேடா!"

"ஆமா, அது பாக்கத்தான் முடியலை. நாலு வருஷமா நான் பொத்திப் பொத்தி வளர்த்த படை. நீங்க தள்ளின தள்ளுல என் மந்திரி மூலையில போய்ப் பதுங்கிடுச்சு. ராத்திரி சோறு இறங்கலை எனக்கு."

நீராவிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தோள் குலுங்கச் சிரித்து, கண்ணில் தண்ணீர் வந்து, பனியன் துணியால் துடைக்கப்போக முகமெல்லாம் கரி. அதைப் பார்த்து ஆமையும் சிரித்தான்.

இரண்டு பேரும் தண்ணீர் மட்டம் பார்த்தார்கள். கையெழுத்துப் போட்டார்கள். பிறகு ஆமை மூடியைத் திருப்பிவைக்கக் கை நீட்டினான். "வாங்க அண்ணே, உங்க படையை ஒப்படைச்சுடறேன். இன்னும் ஆறு நகர்த்தல்ல நீங்க ஜெயிச்சுடலாம்."

"வேண்டாம், விடு."

ஆமையின் கை அப்படியே நின்றது. முகம் மாறிப்போயிற்று. "நிறுத்திடலாம்னு சொல்றீங்களா?"

சொல்ல நினைத்து வந்தது அதுதான். ஆனால் நீராவியின் கண் மூலையில் பதுங்கிக் கிடந்த அந்த இரும்பு மந்திரி மேலேயே இருந்தது. அதற்கு முன்னால் நிற்கிற நட்டை விட்டுக்கொடுத்தால் ஒரு வழி திறக்கும்போல் இருந்தது. திறக்குமா? யானை குறுக்கே வந்தால்?

"பித்தளை உன்கிட்டேயே இருக்கட்டும்" என்றார். "நீ சம்பாதிச்ச இடம் அது. இந்த இரும்பைக் கெடுத்தவன் நான். என்ன செய்ய முடியும்னு நானே பாக்கறேன். ஆனா தினம் ஒண்ணு என்னால முடியாதுடா. வீட்டுல அவ எழுந்து நடக்கற வரைக்கும் வாரத்துக்கு ஒண்ணு. சனிக்கிழமை."

"வாரத்துக்கு ஒண்ணா? அப்போ யார் ஆமை?"

"அந்தப் பேரையும் சேர்த்து எடுத்துக்கறேன், போ."

மணி இரண்டு பத்து. பிள்ளைகள் காப்பகத்து வாசலில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு காத்திருப்பார்கள். நீராவி சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, ஆமை உட்காரப்போன ஸ்டூலைக் காலால் நகர்த்திவிட்டு, மூலையை இன்னொரு தடவை குனிந்து பார்த்தார்.

"இன்னைக்குச் சனிக்கிழமைதானே அண்ணே? ஒண்ணு நகர்த்திட்டே போங்களேன்."

"இரு, அவசரப்படுத்தாதே" என்றார் நீராவி. "யோசிக்கணும்."

நாலு மாசத்தில் முதல் தடவையாக எந்தக் காயையும் நகர்த்தாமல் அவர் பஸ் ஏறப் போனார்.