காதுக்குக் கேட்காத உறுமல்

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவரை அந்தக் குடியிருப்பில் எல்லோரும் டிரைவர் என்றே கூப்பிட்டார்கள். வேலையில் இருந்தவரை ஒரு பாட்டைக்கூட முழுசாகக் கேட்கக் கொடுத்துவைக்காத மனிதர். ஓய்வு பெற்றதும் பழைய இசைத்தட்டுகளாகத் தேடிப் பிடித்து அடுக்கினார். ரெக்கார்டு பிளேயர் வந்தது. அப்புறம், அடிச்சத்தம் நன்றாகக் கேட்கவேண்டும் என்று இடுப்பு உயரத்துக்கு ஒரு சப்வூஃபர் ஸ்பீக்கர் பெட்டி வந்தது. இடம் போதாமல் அதன் தலையிலேயே பிளேயரைத் தூக்கி வைத்தார்.

அவர் மனைவி பக்கத்து அறையில் தையல் மிஷினோடு மல்லுக்கட்டுகிறவள். பாட்டு என்றால் அவளுக்கும் பிடிக்கும். ஆனால் சப்வூஃபர் வந்ததிலிருந்து சாயங்காலம் அவர் தட்டைப் போட்டால் தலை கனத்தது. நெஞ்சுக்குள் யாரோ கையை வைத்து அமுக்குகிற மாதிரி இருந்தது.

"பாட்டுக்கு அடியில என்னமோ உறுமுதுங்க."

"எனக்குக் கேக்கலையே."

"பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே உறுமுது. தட்டுல ஊசிய வச்சாலே போதும்."

"உனக்கு மட்டும் எங்கிருந்துதான் வருதோ!" என்று சிரித்துவிட்டு அவர் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வைப்பார்.

தூக்கம் கெட்டு அவள் பாதியாக இளைத்த பிறகு டாக்டரிடம் கூட்டிப்போனார். எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்தது. "வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று டாக்டர் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் டிரைவர் முந்திக்கொண்டார். "ஒண்ணும் கிடையாது டாக்டர். சும்மா இருக்கற மனசு. எதையாவது கற்பனை பண்ணிக்கும்." டாக்டரும் சிரித்துவிட்டுத் தூக்க மாத்திரை எழுதினார்.

அவள் அந்த வாரமே ஒரு பையில் நாலு புடவையை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள். ரெண்டு நாளில் கோபம் ஆறிவிடும் என்று அவர் நினைத்தார். ஆறவில்லை.

மீதித் துணிமணிகளை எடுக்க அவள் தம்பி வந்தான். மைக்செட் கடை வைத்திருப்பவன். டிரைவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"உங்க அக்கா இல்லாத சத்தத்துக்காகக் கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கா. நீயே கேளு மச்சான்!" என்று தட்டைச் சுழலவிட்டு ஊசியை வைத்தார்.

பாட்டு தொடங்குவதற்கு முன்பே அவன் முகம் மாறியது. குனிந்து சப்வூஃபரின் முன்துணியைக் கழற்றினான். உள்ளே இருந்த பெரிய கறுப்புக் கூம்பு மேல்மூச்சு வாங்குகிறவன் நெஞ்சு போல முன்னும் பின்னும் போய் வந்துகொண்டிருந்தது. பாட்டு இன்னும் ஆரம்பிக்கவில்லை.

"அக்கா சொன்னது நிஜம்தான் மாமா. ஊசி பாட்டை மட்டும் எடுக்காது. மோட்டார் ஆட்டம், தட்டோட நெளிவு, எல்லாத்தையும் எடுக்கும். சின்ன ஸ்பீக்கர்ல அது தெரியாது. இந்தப் பெட்டி அதையும் பெருசாக்கித் தள்ளுது. அந்த ஆட்டம் மேல இருக்கற பிளேயருக்குப் போயி, திரும்ப ஊசிக்கே வருது."

"எனக்கு ஏன்டா கேக்கல?"

"இத்தனை வருஷம் இன்ஜின் பக்கத்துலயே உக்காந்தீங்க. உங்களுக்கு அது சத்தமாவே படாது. பழகிப்போச்சு."

டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கூம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மச்சான் சுவரில் கனமான பலகை அடித்துப் பிளேயரை அதில் ஏற்றினான். சப்வூஃபரை எதிர்மூலைக்குத் தள்ளி, அடியில் தடித்த ரப்பர் கொடுத்தான். அடி உறுமலை மட்டும் வெட்டிவிட்டுப் பாட்டை விடுகிற சின்னப் பெட்டி ஒன்றை வயருக்கு நடுவே சேர்த்தான். மறுபடி தட்டைச் சுற்றவிட்டு ஊசியை வைத்தபோது, பாட்டு வரும்வரை கூம்பு அசையாமல் இருந்தது. டிரைவருக்கோ முன்னைக்கும் இப்போதைக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. "போயிடுச்சா? போயிடுச்சா?" என்று மச்சானைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு முற்பகலில் அவள் தம்பியோடு வந்தாள். முகம் தெளிந்து, கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. டிரைவர் ஊசியை வைத்தார். அவள் கண்ணை மூடித் தட்டின் ஒரு பக்கம் முழுக்கக் கேட்டாள்.

"இப்ப இல்ல" என்றாள்.

"அப்ப வந்துடறியா?"

"உங்களுக்குக் கேக்கலன்னு எனக்குக் கோபம் இல்லீங்க. நாள் பூரா குனிஞ்சு தைக்கிறவளை, சும்மா இருக்கற மனசுன்னீங்களே. அந்த டாக்டரும் சிரிச்சாரு. அதுக்கப்புறம் நானே என்னை நம்பல. எனக்குப் புத்தி கெட்டுப்போச்சோன்னு பயந்துபோயிட்டேன்."

"தப்புதான். தம்பி சொன்னப்பறம்தான் புரிஞ்சுது."

"அதேதான். நான் சொன்னா புரியல."

அவர் ஊசியைத் தூக்கித் தட்டை நிறுத்தினார்.

"அங்க நல்லாத் தூங்கறேன். அங்கயே இருந்துட்டுப் போறேனே" என்றாள். மிஷினைத்தான் எடுக்க வந்திருந்தாள்.

தம்பி தூக்க வந்தான். டிரைவர் விடவில்லை. தானே மிஷினின் இரும்புத் தலைப்பாகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார். பின்னால் வந்தவள் பழக்கதோஷத்தில், "மெதுவா, முட்டி பிடிச்சுக்கப்போகுது" என்றாள். அவர் நின்று திரும்பிப் பார்த்தார். அவள் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மிஷினை வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டினார். வண்டி கிளம்பிப்போன பிறகும் மேலே ஏறிப்போக மனசில்லாமல் வாசலிலேயே நின்றார். கை இரண்டிலும் மிஷின் எண்ணெய் பிசுபிசுத்தது.