வாய்விட்டுச் சொன்ன ஓட்டு

டோர்கஸ் ஈரத்துணியால் அப்பாவின் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் குதிரை வந்து நின்றது. எட்டிப் பார்த்தாள். தம்பி நேதன்தான். ஆள் விட்டுச் சொல்லியும் வரமாட்டான் என்றே நினைத்திருந்தாள். வந்தவன் மாடியேறாமல், தொப்பியைப் பிசைந்தபடி கீழேயே நின்றான். அவள் இறங்கிப் போனாள்.

"மேல வாடா. கடிச்சிட மாட்டாரு."

"என்னைப் பார்த்தா முகத்தைத் திருப்பிக்குவாருக்கா."

திருப்பிக்கொள்ளக்கூடியவர்தான். ஆம்ப்ரோஸ் கிரேவ்லி வர்ஜீனியாவின் அந்த வட்டாரத்துக்கே பெரிய வக்கீல். அமெரிக்கா ஆங்கிலேயரிடமிருந்து விடுதலையடைந்த கையோடு சட்டசபைக்குப் போனவர். பிறகு ஓர் அடிமைப் பெண் தன் விடுதலைக்குப் போட்ட வழக்கை வாதாடி ஜெயித்துக் கொடுத்தார். அன்றோடு புகையிலைத் தோட்டக்காரர்கள் அவரைக் கைகழுவினார்கள். அடுத்த தேர்தலில் எதிர்த்து நின்றவர் ஹாலம், நேதனுடைய மாமனார்.

அங்கே ஓட்டில் ரகசியம் கிடையாது. கோர்ட்டு வாசலில் மேஜை போட்டு வேட்பாளர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவராக வந்து, யாருக்கு ஓட்டு என்று ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். ஓட்டு வாங்கியவர் எழுந்து நன்றி சொல்ல வேண்டும். நேதன் எதிரே வந்து நின்றதுமே அப்பா பாதி எழுந்துவிட்டார். பெற்ற பிள்ளையின் ஓட்டு, அதில் என்ன சந்தேகம்? நேதன் "ஹாலம்" என்றான். ஓசி ரம் குடித்திருந்த கூட்டம், அவர் திரும்ப உட்கார்ந்ததைப் பார்த்துச் சிரித்தது.

மாமனார் கொடுத்த நிலத்தில் பிழைக்கிறவன் வேறென்ன செய்வான் என்று டோர்கஸ் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். வக்கீலிடம் வாதாடி யார் ஜெயிப்பது? அவர் அதற்குப் பிறகு கோர்ட்டுப் பக்கமும் போகவில்லை, மகன் பேரையும் எடுக்கவில்லை. இவனும் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. வருஷங்கள் இப்படி வீணாகப் போனதில் அவளுக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரம். பெண்பிள்ளைக்கு ஓட்டில்லை. இருந்திருந்தால் அப்பா பேரை ஆற்றுக்கு அக்கரை வரை கேட்கச் சொல்லியிருப்பாள்.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று நம்பி, தம்பியின் கையைப் பிடித்து மேலே இழுத்து வந்தாள்.

அப்பா கண் திறந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே நிற்பவனை உற்றுப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"யாருக்குங்க உங்க ஓட்டு?"

காய்ச்சல் மயக்கத்தில் அவர் அந்தக் கோர்ட்டு வாசலிலேயே இருந்தார். நேதன் அக்காவைப் பார்த்தான்.

"ஆம்ப்ரோஸ் கிரேவ்லிக்கு," என்றான். குரல் சமையற்கட்டு வரை கேட்டிருக்கும்.

அப்பாவின் முகம் மலர்ந்தது. வெளியாரிடம் காட்டும் மரியாதையோடு கையை நீட்டினார்.

"ரொம்ப நன்றிங்க. வீட்டுக்குப் போனா உங்கப்பாவை நான் விசாரிச்சதாச் சொல்லுங்க."

நேதன் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"சொல்றேங்க," என்றான்.

டோர்கஸ் நாற்காலியை அவன் பக்கம் நகர்த்திப் போட்டாள். சாயங்காலம் அப்பாவின் மூச்சு அடங்கும்வரை அவன் அதில் உட்காரவில்லை.