நான்காவது ரக்அத்

கல்யாணமாகி வந்த நாலு மாதத்தில் மருமகளுக்கு அந்த வீடு முழுக்க அத்துப்படியாகிவிட்டது. எந்தக் குழாயை எவ்வளவு திருகினால் ஒழுகாது, எந்த ஜன்னல் காற்றடித்தால் தானே சாத்திக்கொள்ளும், மாமா டீயில் இரண்டு கரண்டி சர்க்கரையைப் போட்டுவிட்டு எப்படி ஒன்று என்று சாதிப்பார், எல்லாம் தெரியும். பிடிபடாதது ஒன்றே ஒன்று. கணவனின் நெற்றியில் வந்து வந்து போகும் கரும்புள்ளி.

தினமும் இருந்தால் மச்சம் என்று விட்டிருப்பாள். செவ்வாய் மாலை இருந்தது, புதன் இல்லை, வியாழன் மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. விரலால் தொட்டாள். ஒட்டியது. ஜெராக்ஸ் மை.

அதே கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் அவன் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். கையில் மை இருந்தால் அதிசயமில்லை. நெற்றியில் எப்படி?

"பட்டனை நெத்தியாலயா அமுக்குறீங்க?"

"வந்துட்டாங்கய்யா சி.ஐ.டி!" என்று சிரித்து மழுப்பிவிட்டு முகம் கழுவப் போனான். பதில் சொல்லாமல் போனால் அவளுக்குத் தூக்கம் வராது என்பதை அந்த மனிதன் இன்னும் படித்திருக்கவில்லை.

மாமா முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். மூச்சுத் திணறலால் இப்போது மூன்று மாடி இறங்கி ஏற முடியாது. லிஃப்ட் இல்லாத கட்டிடம். பள்ளிவாசல் தெருமுனையில் இருந்தும் எட்டாத தூரமாகிவிட்டது. மாமி போன வருஷம் இறந்த பிறகு மனிதர் இன்னும் சுருங்கிப் போனார். அதனால் மாலை அஸர் தொழுகை நேரத்தில் மகன் கடையைப் போட்டது போட்டபடி விட்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே வருவான். மாமா இமாமாக முன்னே நின்று தொழ வைப்பார். அவருக்கு வலப்பக்கம், அரை அடி பின்தள்ளி மகன். பின்வரிசையில் மருமகள். நின்று, குனிந்து, நெற்றி தரையில் படப் பணிந்து எழுவது ஒரு ரக்அத்; அப்படி நாலு முடிந்ததும் மகன் அதே வேகத்தில் இறங்கி ஓடுவான்.

தொழும் தரையைத் தினமும் துடைப்பவள் அவள்தான். அங்கே மைக்கு வழியில்லை. அப்படியானால் நெற்றி வேறெங்கோ பட்டிருக்கிறது.

அடுத்த செவ்வாய், அவன் இறங்கிய ஐந்தாவது நிமிடம் டீ ஃபிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு அவளும் இறங்கினாள். கடை வாசலில் ஒரு பெண் காகிதக் கட்டோடு நின்றிருந்தாள்.

"அண்ணன் மெஷினுக்குப் பின்னாடி எதையோ தேடிக்கிட்டு இருக்காருங்க. ரொம்ப நேரமாக் குனிஞ்சவரு எந்திரிக்கல."

எட்டிப் பார்த்தாள். பேப்பர் வந்த அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்து விரித்து, அதன் மேல் நெற்றி பட ஸஜ்தாவில் கிடந்தான். அட்டையெங்கும் சிந்திய மை.

அந்தப் பெண் காப்பி வாங்கிக்கொண்டு போகும்வரை பொறுத்திருந்தாள்.

"ஜெராக்ஸ் கடைக்காரர் தொழுகைக்கும் ரெண்டு காப்பி எடுப்பாரா?"

அவன் சிரிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"வாப்பா இன்னிக்கு மூணு ரக்அத்துலயே ஸலாம் கொடுத்து முடிச்சுட்டார். வாரத்துல ரெண்டு நாள் இப்படி ஆகுது."

"அய்யோ! நான்தான் கவனமில்லாம எண்ணிட்டேன்னு நினைச்சு, ரூமுக்குப் போய் மறுபடி தொழுதுக்கிட்டு இருக்கேன்!"

"நீயுமா?"

"புதுசா வந்தவ, மாமா எண்ணினது தப்புன்னு சொல்வேனா? நீங்க அவர்கிட்ட மெதுவாச் சொல்லலாமே."

"எப்படிச் சொல்றது? பெத்தவங்களைப் பார்த்து 'சீ'ன்னு ஒரு சொல் வரக்கூடாதுன்னு அல்லாஹ் சொல்லியிருக்கான். என் கையப் பிடிச்சுத் தொழக் கத்துக்கொடுத்தவர் அவர். பஸ் போச்சு, உம்மா போயிட்டாங்க, பள்ளிவாசலும் போச்சு. இமாமா நிக்கிறது ஒண்ணுதான் அவருக்கு மிச்சம். அதையும் பிடுங்கவா? நீயும் வாயத் திறந்துடாதே. சத்தியமா?"

"வாயத் திறக்க மாட்டேன்" என்றாள்.

அவனுடைய பயத்தில் இருந்த அன்பு அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் மனசுக்குள் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் மாமா நாலு ரக்அத்தும் சரியாகத் தொழ வைத்தார். அவளும் நிம்மதியாகத் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டு மாமாவின் அறைக்குப் போனாள். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே மாமா தொழுதுகொண்டிருந்தார்.

அவள் நின்றுவிட்டாள். அஸருக்குப் பிறகு சூரியன் மறைந்து மஃரிப் தொழும்வரை உபரித் தொழுகை கிடையாது; அது மாமாவுக்குத் தெரியாததில்லை. பின்னே இது என்ன தொழுகை? துணியை மார்போடு அணைத்தபடி எண்ணினாள். ஒன்று. இரண்டு. ஒவ்வொரு ரக்அத்துக்கும் ஒரு விரலை மடக்கி, அந்த விரலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். மூன்று. நான்கு. ஸலாம் கொடுத்துவிட்டு, மடக்கிய விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

சரியாகத் தொழுத நாளிலும் அவருக்குத் தன் மேல் நம்பிக்கையில்லை.

ஒரே வீட்டில் மூன்று பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே தொழுகையை மூன்று மூலைகளில் திரும்பத் தொழுதுகொண்டிருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. மரியாதை என்று நினைத்துத் தாங்கள் காத்த மௌனம் அந்த மனிதரைத் தனியே தவிக்க விட்டிருக்கிறது.

சிறுமியாக மதரஸாவில் படித்தது நினைவுக்கு வந்தது. இமாம் மறந்துவிட்டால் பின்னால் நிற்கும் ஆண் 'சுப்ஹானல்லாஹ்' என்று நினைவூட்ட வேண்டும். பெண்ணாக இருந்தால் வாய் திறக்க வேண்டாம். புறங்கையில் தட்டினால் போதும்.

வியாழன், வெள்ளி, சனி சரியாகப் போயின. ஞாயிறு அஸரில், மூன்றாவது ரக்அத் முடிந்து எழ வேண்டிய மாமா அப்படியே அமர்ந்துவிட்டார். கணவனின் முதுகு விறைத்தது. அவன் வாயிலிருந்து ஏதாவது வருமா என்று ஒரு மூச்சு நேரம் பார்த்தாள். வரவில்லை. மாமா மனசு உடைந்துவிட்டால்? நாளை முதல் ஒதுங்கிவிட்டால்?

வலது கையால் இடது புறங்கையில் தட்டினாள்.

சின்னச் சத்தம்தான். ஆனால் அந்த அறையில் தட்டு விழுந்து உடைந்தது போலக் கேட்டது. மாமாவின் தலை அசைந்தது. பிறகு "அல்லாஹு அக்பர்" என்று சொல்லி, தரையில் கையூன்றி எழுந்தார். நான்காவது ரக்அத் நிறைந்தது. மறதிக்கான இரண்டு ஸஜ்தாக்களையும் செய்து ஸலாம் கொடுத்தார். மெதுவாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"தட்டினது யாரு?"

"அவ சின்னப் பொண்ணு, வாப்பா, தெரியாம..." என்று மகன் பதறினான்.

"உன்னையக் கேக்கலடா."

"நான்தான் மாமா."

"இதுக்கு முன்னாடியும் மூணுல முடிச்சிருக்கேனா?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"வாயத் திறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன் மாமா" என்றாள்.

மாமாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மகனின் தோளில் கை வைத்தார்.

"தினமும் சந்தேகமாவே இருக்கும்டா. நாலா, மூணா? பக்கத்துல நீ பேசாம இருப்ப. அப்ப சரியாத்தான் இருக்கும்னு என்னை நானே சமாதானப்படுத்திக்குவேன். மனசு கேக்காது. உள்ள போய்த் திரும்பத் தொழுவேன்."

"அப்புறம் ஏன் வாப்பா, நீயே தொழ வையின்னு ஒரு வார்த்தை சொல்லல?"

"கடைய விட்டுட்டு மூணு மாடி ஓடி வர்ற, எனக்குப் பின்னாடி நிக்கணும்னு. அந்த ஆசைய எப்படிக் கெடுக்கிறது?"

மகன் முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டான். மாமா அவன் தலையைத் தடவிவிட்டார்.

"முப்பது வருஷம் டிரைவருக்கு விசில் அடிச்சவன் நான். எவனாவது அதை அவமானம்னு நினைச்சானா? விசில் இல்லாம வண்டிய எடுத்தாத்தான் அவனுக்குப் பயம். படியில ஆள் தொங்கும்ல?"

"நாளைக்கு நீங்களேதான் மாமா தொழ வைக்கணும்" என்றாள் அவள்.

"நான் எங்க ஓடப் போறேன்? மூச்சு இருக்கிற வரைக்கும் நிப்பேன்." மகன் பக்கம் திரும்பினார். "நீ 'சுப்ஹானல்லாஹ்' சொல்லணும், கேட்டியா? அதுவும் வாப்பாவுக்குச் செய்ற பணிவிடைதான்."

அவன் தலையாட்டினான். பிறகு கடை நினைவு வந்து எழுந்தான். வாசலைத் தாண்டுமுன் அவள் அவன் நெற்றியைப் பார்த்து வைத்துக்கொண்டாள். இரவுச் சாப்பாட்டின்போது மறுபடி பார்த்தாள். துடைத்து வைத்த தரை போலச் சுத்தமாக இருந்தது.

"என்ன, சி.ஐ.டி.?" என்றான்.

"ஒண்ணுமில்ல" என்றாள்.

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த மாமா நிமிர்ந்தார்.

"மருமகளே, அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் பலமாத் தட்டு. கூட்டத்துல விசில் கேக்காத டிரைவருங்க நிறையப் பேரு உண்டு."