லிட்டர் கணக்கு

அந்த அட்டவணையைப் போட்டவன் நான்தான். மேலிடத்து அவசரம், கணினிக் கோளாறு என்று இப்போது ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒரு கோளாறும் இல்லை. அதில் இருந்த ஒவ்வோர் எண்ணும் சரியான எண். என் வயிற்றெரிச்சலே அதுதான்.

அந்த வருடம் பெட்ரோல் வரத்து அடியோடு நின்றுபோயிருந்தது. பெட்ரோல் பங்க்குகளில் வண்டிகள் மூன்று நாள், நான்கு நாள் வரிசையில் கிடந்தன. எங்கள் மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் மூன்று ஆம்புலன்ஸ்களும் மாமரத்தடியில் நின்றன. கோழிகள் அடியில் படுத்துக்கொண்டன. அப்போதுதான் தலைநகர் லிலோங்வேயிலிருந்து ஒரு திட்டம் வந்தது. கரும்பாலையில் வடிக்கும் எத்தனாலில் ஓடுகிற மாதிரி ஒரு வண்டியின் எஞ்சினை மாற்றித் தருவார்கள். செலவு எவ்வளவு, புகை எவ்வளவு என்று பெட்ரோலோடு ஒப்பிட்டு நாங்கள் எழுதித் தர வேண்டும். கணக்கு நன்றாக இருந்தால் மற்ற இரண்டு வண்டிகளும் மாறும்.

என் மேலதிகாரி சிம்வாலா அம்மா கெட்டவர் அல்ல. மூன்று வண்டியும் ஓட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

"ஹராவா, படிக்கிறவங்களுக்குத் தலை சுத்தக் கூடாது. லிட்டருக்கு என்ன விலை, லிட்டருக்கு எவ்வளவு புகை. அதோட நிறுத்திக்கோ," என்றார்.

நான் எழுத்தராக வருவதற்கு முன் ஆறு வருடம் பட்டறையில் கிடந்தவன். பெட்ரோலில் லிட்டருக்கு எட்டுக் கிலோமீட்டர் ஓடிய வண்டி எத்தனாலில் ஐந்தரையைத் தாண்டாது என்று எனக்குத் தெரியும். லிட்டர் விலை குறைவுதான். லிட்டருக்கு வெளியேறும் புகையும் மூன்றில் ஒரு பங்கு குறைவுதான். ஆனால் ஓடிய கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் எத்தனால்தான் செலவு அதிகம், புகையிலும் மயிரிழை வித்தியாசம்தான். வெட்டுக்கு முன் கரும்பு வயலைக் கொளுத்துகிறார்களே, காயப்போட்ட துணியெல்லாம் கரித்தூளாகிறதே, அது எந்தக் கட்டத்திலும் ஏறவில்லை.

"கிலோமீட்டருக்கும் ஒரு பத்தி போட்டுடலாமாம்மா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"இல்லாத பெட்ரோலோட எதுக்குப்பா இவ்வளவு ஒப்பிடற? ஓடுதா இல்லையா?"

நியாயமாகத்தான் பட்டது. வாயை மூடிக்கொண்டேன். அட்டவணை பச்சை மையில் அச்சாகி, பாராட்டுக் கடிதத்தோடு திரும்பி வந்து என் மேசைக்குப் பின்னால் சுவரில் ஏறியது. எத்தனால் எல்லா விதத்திலும் மேல் என்று சுவரே சொன்ன பிறகு, ஒவ்வொரு பயணத்துக்கும் கொடுக்கும் எரிபொருள் சீட்டில் மட்டும் கூடுதலாக எழுத முடியுமா? பழைய விதிப்படி லிட்டருக்கு எட்டுக் கிலோமீட்டர் என்றே எழுதிக்கொண்டிருந்தேன். அந்தச் சீட்டை எழுதுகிறவனும் நான்தான்.

மாற்றிய வண்டியை ஓட்டியவர் ஜைலோசி. இருபத்திரண்டு வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். பட்டறையில் கிடந்த என்னை இந்த அலுவலகத்துக்குச் சொல்லிச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். கிட்டத்துப் பயணங்களாகவே வந்ததால் முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த மாதம், நோயாளி இல்லாமல் திரும்பும்போது இரண்டு தடவை வழியிலேயே வண்டி நின்றது. எங்கள் வண்டிகளில் எண்ணெய் அளவு காட்டும் முள் செத்து வருடக்கணக்காகிறது. தொட்டி வறண்டால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான்: ஓட்டுநர் குழாய் போட்டு உறிஞ்சி வழியில் விற்றுவிட்டார்.

"தம்பி, நான் குடிக்கல, வண்டிதான் குடிக்குது," என்று சிரித்துக்கொண்டே என் சன்னலில் கை ஊன்றினார். "பெரிய குடிகாரனா ஒருத்தனை என் தலையில கட்டிட்டீங்க."

நான் சிரிக்கவில்லை. "கையெழுத்துப் போடுங்கண்ணே," என்று எச்சரிக்கைக் கடிதத்தை நீட்டினேன். இரண்டாவது கடிதத்தையும் நானே தட்டினேன். மூன்றாவது வந்தால் வேலை போகும் என்ற வரியையும் நானே சேர்த்தேன். அதற்குப் பிறகு அவர் என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, நாற்பத்தெட்டுக் கிலோமீட்டர் தள்ளியிருந்த சுகாதார நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. வைசன் என்று ஒரு கரும்பு வெட்டுகிறவன், கத்தி நழுவித் தொடையின் உள்பக்கம் இறங்கிவிட்டது. இறுக்கிக் கட்டியும் ரத்தம் நிற்கவில்லை.

ஜைலோசி சன்னலுக்கு வந்தார். "போக வரத் தொண்ணூத்தாறு. இருபது போடுங்க சார்."

"கணக்குப்படி பன்னெண்டு. அவசரத்துக்கு ரெண்டு. பதினாலு."

"பத்தாது. உங்களுக்கே தெரியும்."

எனக்குப் பின்னால் லிலோங்வேயிலிருந்து வந்த இரண்டு பேர் தேநீரும் மண்டாசிப் பணியாரமுமாக அட்டவணையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சீட்டில் இருபது என்று எழுதினால் சுவரில் இருப்பது பொய். நான் தட்டிய இரண்டு கடிதங்களும் பொய். எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அந்த நேரத்தில் தொடை கிழிந்து கிடந்தவனை நான் நினைக்கவே இல்லை.

"பதினாலுதாண்ணே. கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க, வந்துடும்."

"ஆம்புலன்ஸை மெதுவா ஓட்டணுமா? அடுத்து இறங்கித் தள்ளச் சொல்லுவீங்க." இன்னொரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேனோ. அவர் கேட்கவில்லை. இரண்டு கடிதம் வாங்கிய மனிதர், சீட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திரும்பி வரும்போது, எங்கள் அலுவலகத்தை ஒட்டிய ஆஸ்பத்திரிக்குப் பதினெட்டுக் கிலோமீட்டர் இருக்கையில் வண்டி நின்றது. அங்கே கைபேசிக்குச் சமிக்ஞை கிடையாது. ஜைலோசி சாலையில் போன, கூலிக்கு ஆளேற்றும் வாடகைச் சைக்கிள் ஒன்றை மறித்தார். வைசனைப் பின்னால் உட்காரவைத்து, கூட வந்த அவன் மனைவி ஃபலெஸின் இடுப்புத் துணியால் தன் முதுகோடு சேர்த்துக் கட்டி மிதித்தார். சைக்கிள்காரனும் ஃபலெஸும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். அவருக்கு ஐம்பத்தாறு வயது.

ஆஸ்பத்திரி வாசலில் சத்தம் கேட்டு நானும் ஓடினேன். வைசனின் தலை ஜைலோசியின் தோளில் கிடந்தது. டாக்டர் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு அவசரப்படாமல் துணியின் முடிச்சை அவிழ்த்தார். அந்த நிதானத்திலேயே எங்களுக்குப் புரிந்துவிட்டது.

"பாலத்துக்கிட்ட பேச்சு நின்னுச்சு," என்றார் ஜைலோசி. "மயக்கம்னு நெனச்சேன். அப்படியே மிதிச்சேன்."

மறுநாள் காலையில், இரவே இழுத்துவந்திருந்த வண்டியைப் பார்த்துவிட்டு சிம்வாலா அம்மா என் மேசைக்கு வந்தார். "தொட்டி காஞ்சிருக்கு. மூணாவது தடவை. என்ன எழுதணும்னு உனக்குத் தெரியும்," என்றார், என் முகத்தைப் பார்க்காமல். நான் தேதியைத் தட்டினேன், ஜைலோசியின் முழுப் பெயரைத் தட்டினேன். அதற்கு மேல் விரல் போகவில்லை.

அப்போது சன்னலுக்கு ஃபலெஸ் வந்தாள். பக்கத்தில் ஜைலோசி. எங்கள் வண்டியில் வந்து இறந்தவரை எங்கள் வண்டியே வீடு சேர்க்க வேண்டும் என்பது வழக்கம். சவப்பெட்டி தயாராகிவிட்டது, கடிதம் இன்னும் தயாராகவில்லை, ஆகவே ஓட்டுநரும் அவரேதான்.

சீட்டுப் புத்தகத்தை இழுத்தேன். போக நாற்பத்தெட்டு, வர நாற்பத்தெட்டு. சத்தியமாக நான் யோசிக்கவில்லை. சவத்தோடு வண்டி நடுவழியில் நின்றுவிடக் கூடாதே என்று மட்டும்தான் மனதில் ஓடியது. எழுதிக் கிழித்து நீட்டினேன்.

ஜைலோசி அதை வாங்கிப் பார்த்தார்.

"பதினெட்டு," என்றார். "நேத்து பதினாலு போதும்னீங்களே சார்."

ஃபலெஸ் அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"நேத்தும் இதே தூரம்தானே அண்ணே?"

"ஆமாம்மா," என்றேன்.

"நேத்து எண்ணெய் இல்லாமப் போச்சா?"

எரிபொருள் கிடங்கின் கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே மூன்று பீப்பாய் எத்தனால், மூடியே பிரிக்காமல். சிம்வாலா அம்மா எனக்குப் பின்னால் வந்து நிற்பது தெரிந்தது. "ஹராவா," என்று மெல்லக் கூப்பிட்டார்.

"இருந்துச்சும்மா," என்றேன். "நெறைய இருந்துச்சு. பத்தாதுன்னு தெரிஞ்சேதான் நான் பதினாலு எழுதினேன்."