சேகண்டிப் பாட்டு

தேன்மொழிக்குப் பிடித்த ஆல்பங்கள் ஐந்து. ஐந்தும் டூம் மெட்டல். அது என்ன இழவு என்று கேட்கிறீர்களா? இழவு என்றே வைத்துக்கொள்ளுங்கள், அவள் கோபப்பட மாட்டாள். கிதாரை அடித்தொண்டைக்கு இறக்கி, டிரம்மை ஆற அமர அடித்து, உலகத்துச் சோகத்தையெல்லாம் ஒரே பாட்டுக்குள் அடைக்கிற இசை. ஒரு பாட்டு முடிவதற்குள் குக்கரில் சோறு வெந்து விசிலும் அடங்கிவிடும்.

ஐந்துக்கும் பெயர் வைத்தவள் அவள் அம்மா தங்கத்தாய். நார்வேக்காரனும் போலந்துக்காரனும் வைத்த பெயரெல்லாம் தங்கத்தாய் வாயில் நுழையுமா? மகளின் ஹெட்போனைப் பிடுங்கிக் காதில் வைப்பாள், முகத்தைச் சுளிப்பாள், பெயரைச் சொல்லிவிடுவாள். பாடகன் உறுமிக்கொண்டே போவது எருமைப் பாட்டு. மழைச் சத்தத்தில் தொடங்குவது அடைமழைப் பாட்டு. ஒரு பெண் எங்கோ ஆழத்திலிருந்து பாடுவது கிணத்துப் பாட்டு. குரலே இல்லாமல் கிதார் மட்டும் இரைந்துகொண்டு கிடப்பது மில்லுப் பாட்டு. ஐந்தாவது, பின்லாந்திலிருந்து வந்தது, சேகண்டிப் பாட்டு. யாரோ ஒரு வெண்கலத் தட்டை 'டங்' என்று அடிப்பார்கள். பிறகு மாட்டுக்கொம்பை எடுத்துச் சங்கு மாதிரி நீளமாக ஊதுவார்கள். அதற்குப் பிறகுதான் டிரம் வரும். தேன்மொழிக்கு ஐந்திலும் உயிர் அதுதான்.

"ஏட்டி, காலங்காத்தால இந்தக் கருமத்தைக் கேட்டா வீடு வெளங்குமா?" என்பாள் தங்கத்தாய்.

அம்மா திட்டினால் திட்டட்டும். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து திருநெல்வேலிக்கு, ஸ்கேன் சென்டர் வேலைக்கு, தினமும் பாசஞ்சர் ரயிலில் நசுங்கிக்கொண்டு போகிறவளுக்கு அந்த டிரம்தான் ஆறுதல். ஊரே கிடந்து பறக்கட்டும், நீ பறக்காதே என்று அது சொல்வதாக அவளுக்குத் தோன்றும்.

வீட்டிலும் பறக்கிற ஆள் ஒருவர் இருந்தார். அவள் அப்பா பலவேசம். வாழைத்தார் சுமக்கிறவர். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரிதான் எப்போதும் திரிவார். அவரும் கூட்டாளி சிவசைலமும் தார் சுமந்தால் லாரி நிறைவது தெரியாது. தோளில் தாரோடு வரப்பில் ஓடுவார்கள், ஓடிக்கொண்டே ஒருவரையொருவர் கேலி செய்வார்கள். அப்படிப்பட்ட மனிதருக்கு ஐப்பசியில் ஒருநாள் வயலிலேயே பக்கவாதம் வந்து, இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் மட்டும் விழவில்லை. அதுவும் விழுந்திருந்தால் தெரு நிம்மதியாக இருந்திருக்கும் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

பிசியோதெரபிக்கு தஸ்மியா வந்துபோனாள். தேன்மொழியின் சிநேகிதி, மேலப்பாளையத்துப் பெண், பொறுமைசாலி.

"கால்ல பெலம் வந்துட்டு அண்ணாச்சி. அவசரந்தான் ஒங்கள கீழ தள்ளுது. பைய வைங்க. பைய."

பைய என்ற சொல் ஜில்லா முழுக்க எல்லாருக்கும் தெரியும், பலவேசத்துக்கு மட்டும் தெரியாது. நல்ல கால் முந்திக்கொண்டு பாயும், நோய்க்கால் பின்தங்கும், மனிதர் சரிவார். ஒன்று, இரண்டு என்று எண்ணி நடக்கச் சொன்னால், "நான் என்ன பால்வாடிப் பிள்ளையா?" என்று சீறினார். தங்கத்தாய் தன் பங்குக்கு அம்மன் பாட்டைப் போட்டுவிட்டாள். உடுக்கையும் பம்பையும் முழங்கியதும் பலவேசத்துக்கு வேகம் வந்துவிட்டது. இரண்டே எட்டு. கதவில் மோதிப் புருவம் கிழிந்தது.

அன்றோடு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். "சுமந்தவன் சுமையாயிட்டேன். விட்டுருங்க."

"இப்படியே விட்டா கால் நடையை மறந்துரும் தேனு. அப்புறம் எத்தனை தரம் கூப்பிட்டாலும் வராது" என்றாள் தஸ்மியா. தேன்மொழி பயந்துபோனாள். அப்பா இனி எழவே மாட்டாரா? அதைவிட அவளை உறுத்தியது இன்னொன்று. முதலிலெல்லாம் தினமும், "சிவசைலம் வந்தானா?" என்று கேட்பார். பக்கத்துத் தெருதான். அவன் ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. இப்போது அப்பா அந்தக் கேள்வியைக் கேட்பதையே விட்டுவிட்டார்.

ஒரு சனிக்கிழமை ரயிலில் சேகண்டிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தேன்மொழியின் பாதம் அதன் போக்கில் தட்டிக்கொண்டிருந்தது. ஒரு அடி. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிடலாம். பிறகு இன்னொரு அடி. தன் காலையே குனிந்து பார்த்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். அடக் கடவுளே, கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேனே!

மறுநாள் ஞாயிறு காலை, போனில் போட்டுப் பார்த்தாள். டிரம் பல்லி கத்துவது மாதிரி கேட்டது. பரணில், வெளியூரில் வேலை பார்க்கும் அண்ணன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வாங்கிப் போட்ட ஸ்பீக்கர் பெட்டி இருந்தது. அதை இறக்கித் தூசி தட்டி, முன்னறையில் அப்பாவின் கட்டிலுக்கு எதிரே வைத்தாள். முதலில் எருமைப் பாட்டு.

பலவேசம் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார். "என்னட்டி இவனுக்கு? தொண்டையில நெத்திலி முள்ளு குத்திட்டா?"

அவர் திரும்பிவிட்டார், அதுவே பெரிது. தேன்மொழி தாமதிக்காமல் சேகண்டிப் பாட்டுக்கு மாற்றினாள். 'டங்' என்ற சத்தத்தில் அலமாரிப் பாத்திரங்கள் அதிர்ந்தன. கொம்பு நீளமாக அழுதது. டிரம் இறங்கியது.

"எப்பா, எந்திரிங்க. இவன் அடிக்கும்போது ஒரு கால் வைக்கணும். மறுபடி எப்ப அடிக்கானோ அப்பதான் அடுத்த கால். அதுக்கு முன்னால வச்சியன்னா நீங்க தோத்துட்டிய."

"யாருட்ட?"

"பின்லாந்துக்காரன்ட்ட."

தோற்பதா? பலவேசமா? மகள் தோளைப் பிடித்து எழுந்து நின்றார். டிரம் அடித்தது, வலது காலை வைத்தார். பிறகு காத்திருக்க வேண்டியதாயிற்று. காத்துக் காத்துப் பார்த்துவிட்டு ஸ்பீக்கரைப் பார்த்துக் கத்தினார்: "ஏலே, அடிச்சித் தொலையம்லே!" அவர் கத்தி முடிப்பதற்குள், அந்த இடைவெளியில், பின்தங்கிய இடது கால் தரையை உரசிக்கொண்டு பக்கத்தில் வந்து சேர்ந்துவிட்டது. அடி விழும்போது கால் தயாராக இருந்தது. இருவரும் குனிந்து அந்தக் காலைப் பார்த்தார்கள்.

"பைய போலாம்ப்பா" என்றாள் தேன்மொழி.

"அவன்தான் பைய போறான். நான் என்ன செய்ய?"

தோளை விட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அடுத்த எட்டு வைத்தார், அதற்கடுத்ததும் வைத்தார்.

உள்ளே இப்படி. வெளியே என்ன நடந்தது என்பது அப்புறம்தான் தெரிந்தது. நோயாளி கிடக்கிற வீட்டிலிருந்து சங்கும் சேகண்டியும் சேர்ந்து கேட்டால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். எதிர்வீட்டுக் கோமு குழாயடியில் குடத்தைப் போட்டுவிட்டு, "பலவேசண்ணன் போயிட்டாவளே!" என்று கிளம்பினாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? செய்தி பக்கத்துத் தெருவுக்குப் போனது. அங்கே ஒருவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு மாலை வாங்க ஓடினான். அவன் வாங்கிக்கொண்டு வந்து சேரும்வரை பாட்டும் முடியவில்லை. டூம் மெட்டல் அல்லவா!

வாசலில் ஒப்பாரி கேட்டு தேன்மொழி திடுக்கிட்டுத் திரும்பினாள். தலையை விரித்துப் போட்டு, "எண்ணே, எங்கள விட்டுட்டுப் போயிட்டியளே!" என்று நுழைந்த கோமு அப்படியே நின்றாள். போனவர் முன்னறையில் சுவரைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். கோமுவுக்குப் பின்னால், அழுது வீங்கிய முகத்தோடு, கையில் செவ்வந்தி மாலையோடு சிவசைலம்.

தங்கத்தாய் அடுப்படியிலிருந்து கரண்டியோடு பாய்ந்து வந்தாள். "யாரு வீட்டுல வந்து யாருக்கு ஒப்பாரி வைக்கிய?"

"சங்கு ஊதிச்சே மைனி" என்றான் சிவசைலம். அவன் பார்வை பலவேசத்தை விட்டு நகரவில்லை.

தேன்மொழி பாட்டை அணைக்கப் போனாள். "நிப்பாட்டாத" என்றார் பலவேசம். அவரும் சிவசைலத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். டிரம் அடித்தது. சுவரிலிருந்து கையை எடுத்தார்.

"வே, விழுந்துராதீரும்!" சிவசைலம் பாய்ந்தான்.

"நில்லுலே அங்கன."

நின்றான். ஒரு எட்டு. இடது கால் இழுபட்டது, தயங்கியது, வந்தது. தங்கத்தாயின் கரண்டியிலிருந்து குழம்பு சொட்டிக்கொண்டிருந்தது, அவளுக்குத் தெரியவில்லை. இன்னும் சில எட்டுகள். பலவேசம் வாசல் நிலையை எட்டிப் பிடித்து நிமிர்ந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"செத்தாத்தான் வருவியோலே?"

சிவசைலம் உடைந்துவிட்டான். "உம்மப் படுக்கையில பாக்க எனக்குத் தெம்பு இல்ல வே. ரெண்டு மூணு தரம் வாசல் வரைக்கும் வந்தேன். அப்படியே திரும்பிப் போயிட்டேன்."

"இப்பம் நிக்கேம்லா. நல்லாப் பாரு."

சிவசைலம் பார்த்தான். பார்த்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். பலவேசம் கழுத்தை நீட்டினார். "அதை இங்கன போடு. வாங்கியாச்சு, வீணாப் போவணுமா?"

"ஐயய்யோ, அந்த மாலையவா!" என்று தங்கத்தாய் பதறினாள்.

"சும்மா கெட. எந்திரிச்சி நின்னவனுக்குப் போடுத மாலை."

மாலை விழுந்தது. கோமு அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். பலவேசம் கூட்டாளியின் தோளில் கையைப் போட்டு, வாசற்படியில் வலது காலை இறக்கினார். அதோடு பாட்டு முடிந்துபோயிற்று. அடுத்த காலை எடுக்காமல் அப்படியே நின்று மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏட்டி, மறுபடி போடு."

"டிரம்ல இருந்து போடுதேன்ப்பா. சங்கு வேண்டாம், தெரு பயந்துரும்."

"சங்குல இருந்தே போடுட்டி" என்றார் பலவேசம். "இன்னும் வந்து பாக்காதவன் நெறைய பேரு இருக்கான். அவனுவளும் வரட்டும்."